அடித்தல் திருத்தல் இல்லாமல்

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். தாசில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். மார்கழி பிறந்துவிட்டால் அவரை வீட்டில் பார்க்க முடியாது, சபாவில்தான் பார்க்கலாம். முன் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். வித்வான் அரை ஸ்வரம் நழுவினால் இவருடைய புருவம் அரை அங்குலம் உயரும். அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் என்னிடம் வந்து, "ஜாஸ், ஜாஸ் என்று நீர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறீரே, கேட்கத் தகுந்ததாக அதில் ஒன்று கொடும், பார்க்கலாம்" என்றார்.

அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. என் மேதாவித்தனத்தைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில், ஜான் கோல்ட்ரேனின் 'அசென்ஷன்' என்ற தட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். 1965 ஜூன் 28-ந் தேதி 11 பேர் ஒன்றாகக் கூடி ஏறக்குறைய 40 நிமிஷம் இடைவெளியே விடாமல் முழங்கிய தட்டு அது. நீந்தக் கற்றுக்கொள்ள வந்தவரை நடுக்கடலில் இறக்கிவிட்ட மாதிரி ஆயிற்று. அவர் வீட்டில் மாமனார் காலத்து ரேடியோகிராம் இன்னும் நன்றாக ஓடுகிறது. அதில் தட்டை வைத்த பத்தாவது நிமிஷம் எனக்கு டெலிபோன் வந்தது.

"ஓய், சமையலறையில் பாத்திர அலமாரி சரிந்துவிட்டதோ என்று என் சம்சாரம் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்!"

அதற்குப் பிறகு ஆறு மாதம் அவர் என்னிடம் சங்கீதப் பேச்சே எடுக்கவில்லை. தப்பு அவருடையதல்ல; தட்டினுடையதும் அல்ல. கொடுத்தவனுடைய தப்பு. அந்தத் தப்புக்குப் பிராயச்சித்தமாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஜாஸுக்கு இப்போது சிபாரிசுப் பட்டியல்களுக்குக் குறைவில்லை. 'கட்டாயம் கேட்க வேண்டிய 100 தட்டுகள்' என்று ஒருவர் போட்டால், மற்றொருவர் 1,000 என்று போடுகிறார். தட்டைத் தேடிக் கடை கடையாக அலையவேண்டிய காலமும் போய்விட்டது. கைபேசியிடம் பெயரைச் சொன்னால் அது பாடுகிறது. ஆனால் 100 தட்டுகளின் பெயரைப் படித்த மனிதர் ஒன்றைக்கூட முழுதாகக் கேட்பதில்லை என்பது என் அனுபவம். ஆகையால் நான் ஆறே ஆறு சொல்லப் போகிறேன். அந்த ஆறையும் ஏன் பொறுக்கினேன் என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு வாக்கியம் சரியாக அமையாவிட்டால் அடித்துவிட்டு வேறு எழுதுகிறேன். அதுவும் பிடிக்காவிட்டால் காகிதத்தையே கசக்கிப் போடுகிறேன். வாசகர் பார்ப்பது கடைசிப் பிரதியை மட்டும்தான். எத்தனை காகிதம் குப்பைக் கூடைக்குப் போயிற்று என்பது எனக்கும் வீடு பெருக்குகிறவளுக்கும்தான் தெரியும். ஜாஸ் வாசிக்கிறவனுக்குக் குப்பைக் கூடை கிடையாது. ஒரு சிறிய மெட்டு. 12 'பார்' அல்லது 32 'பார்' நீளம் இருக்கும். அதை எல்லாரும் ஒரு முறை வாசிப்பார்கள். பிறகு மெட்டு மறைந்துவிடும். அதற்கு அடியில் ஓடிய ஸ்வரக் கூட்டுகளின் வரிசை மட்டும் செக்கு மாதிரி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும். ஒவ்வொருவராக அந்தச் சுற்றில் ஏறி, அந்த நிமிஷத்தில் தோன்றுவதை வாசித்துவிட்டு இறங்குவார்கள். ஒரு சுற்றுக்குக் 'கோரஸ்' என்று பெயர். ஏறிவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. தப்பான ஸ்வரம் ஒன்று விழுந்துவிட்டால், அடுத்த ஸ்வரத்தைக் கொண்டுதான் அதைச் சரிப்படுத்த வேண்டும்.

கல்பனா ஸ்வரம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கயிற்று நடை புதிதல்ல. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்னேற்பாடு இல்லாமல் மனம் போன போக்கில் வாசிப்பதுதான் ஜாஸ் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. முன்னேற்பாடு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். வாசித்ததை அடித்து எழுதத்தான் முடியாது. இந்த ஆறு தட்டுகளையும் இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக் கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

முதலாவது, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. 1928 ஜூன் 28-ந் தேதி சிகாகோவில் பதிவானது. இது முழு ஆல்பம் அல்ல. மூன்று நிமிஷத்துச் சொச்சம் ஓடும் பழைய தட்டின் ஒரு பக்கம். அவருடைய 'ஹாட் ஃபைவ்', 'ஹாட் செவன்' குழுக்களின் தொகுப்புகளில் கிடைக்கும். மெட்டு அவருடைய குருவான கிங் ஆலிவருடையது. தொடக்கத்தில் பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் டிரம்பெட் மட்டும் தனியாக எழுந்து, மேலே ஏறி, வளைந்து, கீழே இறங்குகிறது. அது சுமார் 12 வினாடி. அப்போது அவருக்கு 26 வயது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஏழைத் தெருக்களில் பிறந்து, சிறுவர் சீர்திருத்த இல்லம் ஒன்றில் கொம்பு வாசிக்கப் பயின்ற பிள்ளை அவர். அந்த 12 வினாடிக்குள் தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசிக் கோரஸில் உச்சியிலுள்ள ஒரே ஸ்வரத்தை ஏறக்குறைய நான்கு 'பார்' பிடித்து நிற்கிறார். கேட்கிறவனுக்கு மூச்சு முட்டுகிறது, வாசிக்கிறவருக்கு முட்டவில்லை. தட்டில் மூன்று நிமிஷத்துக்குமேல் இடம் கிடையாது என்பது எவ்வளவு நல்ல காரியம் என்று அப்போது தெரிகிறது. நம்மில் சிலருக்கும் யாராவது அப்படி ஓர் எல்லை போட்டால் தேவலை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது, மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. இதைச் சொல்லாத பட்டியல் இல்லை. எல்லாரும் சொல்கிறார்கள் என்பதற்காக நான் சொல்லாமல் விட்டுவிட முடியுமா? 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில், நியூயார்க்கில் முன்பு மாதா கோவிலாக இருந்த ஒரு கட்டடத்தில் பதிவாயிற்று. 'ஸோ வாட்' என்ற முதல் உருப்படியை நம்மவர்கள் கேட்டால் ஒரு வேடிக்கை புரியும். அதன் மெட்டு நிற்பது நம்முடைய கரகரப்பிரியாவின் ஸ்வரங்களில். 16 'பார்' அதில் நின்று, 8 'பார்' அரை ஸ்வரம் மேலே ஏறி, மீண்டும் 8 'பார்' பழைய இடத்துக்கே இறங்கி வருகிறது. அவ்வளவுதான், வேறு ஸ்வரக் கூட்டு கிடையாது. உடனே கரகரப்பிரியாவைத் தேடிக்கொண்டு போகாதீர்கள், அகப்படாது. கமகம் இல்லாத இடத்தில் ராகம் ஏது? ஸ்வரங்கள் மட்டும் தெரிந்தவர்கள் போல இருக்கும். பேசினால் வேறு ஊர்க்காரர்கள்.

இந்தத் தட்டைப் பற்றி ஒரு கதை உண்டு. எல்லாமே முதல் வாசிப்பிலேயே அமைந்தது என்பார்கள். கதை முழு உண்மையல்ல. வாசிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்திய இடங்கள் உண்டு. 'ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்' என்ற உருப்படியை இரண்டு முறை முழுதாக வாசித்திருக்கிறார்கள். தட்டில் வந்தது இரண்டாவது. மற்ற நான்கிலும் முழுதாக வாசித்த முதல் வாசிப்பே தட்டாயிற்று. இதனால் தட்டின் மதிப்பு குறைந்துவிடவில்லை. கோல்ட்ரேன் பேசும்போது மைல்ஸ் பேசுவதில்லை. மைல்ஸ் மௌனமாக இருக்கும்போது பில் இவான்ஸின் பியானோ அந்த மௌனத்தைக் கலைப்பதில்லை. இத்தனை மரியாதையுள்ள சம்பாஷணையை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை.

தட்டு 1959 ஆகஸ்டு 17-ந் தேதி கடைக்கு வந்தது. எட்டு நாள் கழித்து, நியூயார்க்கில் தாம் வாசித்துக்கொண்டிருந்த 'பேர்ட்லாண்ட்' கிளப்பின் வாசலில், தம் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார் மைல்ஸ். நகர்ந்து போகும்படி ஒரு போலீஸ்காரர் சொன்னார். உள்ளே வாசிக்கிறவன் நான்தான் என்று இவர் சொன்னார். தலையில் தடியடி பட்டு, சட்டையெல்லாம் ரத்தமாக, ஸ்டேஷனுக்குக் கொண்டு போகப்பட்டார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் தட்டின் அமைதியை வேறு மாதிரியாகத்தான் கேட்க முடிகிறது. கவலை இல்லாதவனின் அமைதி அல்ல அது.

மூன்றாவது, டியூக் எல்லிங்டனின் 'எல்லிங்டன் அட் நியூபோர்ட்'. என் கட்சிக்கு விரோதமான சாட்சியையும் நானே கொண்டுவந்து நிறுத்துகிறேன். 1956 ஜூலை 7-ந் தேதி இரவு நியூபோர்ட் விழாவில் நடந்த கச்சேரி இது. 1937-இல் எழுதிய பழைய உருப்படி ஒன்றின் இரண்டு பாதிகளுக்கு நடுவே, பால் கான்சால்வ்ஸ் சாக்ஸபோனை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். 12 'பார்' கொண்ட சுற்றை 27 முறை விடாமல் வாசித்துத் தள்ளினார். சபையில் ஒரு பெண்மணி எழுந்து ஆடத் தொடங்கினாள். பிறகு கூட்டம் முழுவதும் எழுந்துவிட்டது. எல்லிங்டனின் காலம் முடிந்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அடுத்த மாதமே 'டைம்' பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது.

ஆனால் அந்தக் கச்சேரியின் தட்டு என்று விற்றது முழுக்க முழுக்க அந்தக் கச்சேரி அல்ல. விழாவுக்கென்று எழுதிய புதிய உருப்படி சரியாக அமையவில்லை என்று எல்லிங்டன் நினைத்தார். ஸ்டூடியோவுக்குப் போய் மறுபடி வாசித்து, நடுநடுவே கைதட்டலையும் ஒட்டிச் சேர்த்துவிட்டார்கள். கான்சால்வ்ஸோ, வேறொரு வானொலிக்காரர்களின் மைக்குக்கு முன்னால் நின்று வாசித்துவிட்டார். ஆகையால் தட்டில் அவர் எங்கேயோ தூரத்தில் கேட்டார். அந்த வானொலியின் நாடா பல வருஷங்களுக்குப் பிறகு அகப்பட்டு, 1999-இல்தான் கச்சேரி உள்ளபடி வெளிவந்தது. அந்தப் பதிப்பையே கேளுங்கள். அடித்து எழுதிய பகுதிகள் சுத்தமாக இருக்கின்றன. ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. அடித்து எழுத முடியாமல் போன அந்த 27 சுற்றுகள்தான் நிற்கின்றன. விரோதமான சாட்சி கடைசியில் என் கட்சிக்கே வந்துவிட்டது.

நான்காவது, பில்லி ஹாலிடேயின் 'லேடி இன் ஸாட்டின்'. இந்த இடத்தில் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். 1930-களில் லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் பக்கத்தில் இழைந்து வர, இருபது வயதுப் பெண்ணாக அவர் பாடிய தட்டுகள் இருக்கும்போது, 1958 பிப்ரவரியில் உடைந்து போன குரலில் பாடியதை ஏன் சிபாரிசு செய்கிறாய் என்பார்கள். நியாயமான கேள்விதான். அப்போது அவருக்கு வயது 42. மதுவும் போதை மருந்தும் தொண்டையை அரித்துவிட்டன. போதை மருந்து வழக்கில் 1947-இல் சிறைக்குப் போனவருக்கு, மது விற்கும் இடங்களில் பாடுவதற்கான அனுமதிச் சீட்டை நியூயார்க் நகரம் திருப்பிக் கொடுக்கவேயில்லை. கார்னெகி ஹாலில் பாடலாம். அடுத்த தெரு கிளப்பில் பாடக்கூடாது!

இந்தத் தட்டில் வயலின் கூட்டம் பட்டு விரித்தாற்போல ஒலிக்கிறது. அதன் மேல் அந்தக் குரல் செருப்பில்லாத காலோடு நடந்து வருகிறது. வாத்தியங்களை அமைத்துக் கொடுத்த ரே எல்லிஸ் முதலில் அதிருப்தி அடைந்தார். பிறகு தனியாக உட்கார்ந்து கேட்டபோதுதான் நடந்தது என்ன என்று புரிந்தது என அவரே சொல்லியிருக்கிறார். குரலில் என்ன இல்லை என்று கவனித்தால் இந்தத் தட்டில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு சொல்லையும் தாளத்துக்குச் சற்றுப் பின்னால், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, பிறகு சொல்லிவிடுகிறாரே, அதைக் கவனித்தால் பாட்டுக் கலையில் ஒரு பாடமே இருக்கிறது. ஸ்வரத்தை மட்டுமல்ல, வாழ்ந்த வாழ்க்கையையும் அடித்து எழுத முடியாது. 1959 ஜூலை 17-ந் தேதி ஆஸ்பத்திரிக் கட்டிலில், கைதியாகவே, 44-வது வயதில் அவர் இறந்தார். பழைய தட்டுகளையும் கேளுங்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைக் கேட்காமல் அவரைத் தெரியும் என்று சொல்லாதீர்கள்.

ஐந்தாவது, ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் ஸுப்ரீம்'. 1964 டிசம்பர் 9-ந் தேதி ஒரே நாளில் நான்கு பகுதிகளும் பதிவாயின. மொத்தம் 33 நிமிஷம். ஆனால் வீட்டில் நாட்கணக்காகத் தனித்திருந்து திட்டமிட்ட படைப்பு இது. தம் கையால் எழுதிய குறிப்பு இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. நான்கே ஸ்வரம் கொண்ட சிறு சொற்றொடர் ஒன்று. அதை ஸ்தாயி மாற்றி, சுருதி மாற்றி, எல்லாச் சுருதிகளிலும் வாசித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வாத்தியத்தை இறக்கி வைத்து வாயால் ஜபம் போலச் சொல்கிறார். நான்காம் பகுதியில், தட்டின் உறையில் அச்சிட்ட தம் பிரார்த்தனையைச் சொல் சொல்லாக சாக்ஸபோனில் வாசிக்கிறார். உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எழுத்துக் கூட்டிப் படிப்பது போல அடையாளம் தெரியும். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு, தமக்கு ஒரு ஞானம் பிறந்தது 1957-இல் என்று அவரே எழுதியிருக்கிறார். முன்னேற்பாடு என்றேனே, ஏழு வருஷ முன்னேற்பாடு இது. வாசித்ததோ ஒரு நாள். அவரும் ஒரு ஜூலை 17-ந் தேதியில்தான் காலமானார். 1967-இல், 40-வது வயதில்.

ஆறாவதைச் சொல்வதற்கு முன், விட்டுப்போனவற்றுக்கு ஒரு வார்த்தை. 1958-இல் நம் சென்னைக்கே வந்து வாசித்துவிட்டுப் போன டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' எங்கே என்று கேட்பீர்கள். அருமையான தட்டுதான். ஐந்தும் ஒன்பதுமாக அதில் வரும் தாளக் கணக்கு நம் ஊர்க்காரர்களுக்கு உடனே பிடித்துவிடும். அதனாலேயே விட்டேன், சிபாரிசு இல்லாமலே அது உங்களிடம் வந்து சேரும். சார்லி பார்க்கரை விட்டது பெரிய குற்றம். இந்த ஆறும் பழகியபின், அவர் 1940-களில் வாசித்த மூன்று நிமிஷத் தட்டுகளுக்குப் போங்கள். அந்த வேகத்தைப் பிடிக்கக் காது தயாராக வேண்டும்.

ஆறாவது, பில் இவான்ஸின் 'சன்டே அட் தி வில்லேஜ் வான்கார்ட்'. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் ஒரு நிலவறைக் கிளப். பகலிலும் இரவிலுமாக ஐந்து முறை மேடையேறினார்கள். பியானோ பில் இவான்ஸ்; டிரம் பால் மோஷியன்; ஆள் உயரத்துக்கு நிற்கும் டபிள் பாஸ் வாத்தியத்தில் ஸ்காட் லஃபாரோ. அதுவரையில் அந்த வாத்தியம் பின்னால் நின்று தாளம் காட்டிக்கொண்டிருந்தது. லஃபாரோ அதைப் பேச வைத்தார். பியானோ ஒன்று சொன்னால் பாஸ் மறுமொழி சொல்கிறது; சில சமயம் பியானோ வாயெடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறது. முதல் உருப்படியின் நடுவில் ஒரு தடவை மின்சாரம் நின்று பதிவே அறுந்துபோயிற்று. கிளப்பில் டம்ளர்கள் இடிபடும் ஓசையும், யாரோ பேசிச் சிரிப்பதும் தட்டு முழுவதும் கேட்கின்றன. அதற்கு 11-வது நாள், ஜூலை 6-ந் தேதி, லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 25. இவான்ஸ் பல மாதங்கள் மேடைக்கு வரவில்லை. லஃபாரோ இயற்றிய உருப்படிகள் இரண்டையும் முதலிலும் கடைசியிலும் வைத்து இந்தத் தட்டை வெளியிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து, தயங்கித் தயங்கி, இந்தத் தட்டைத்தான் தாசில்தார் நண்பரிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். யார், எவர், பின்னால் என்ன நடந்தது என்று ஒன்றும் சொல்லவில்லை. அன்று டெலிபோன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார்.

"வாசிப்பதெல்லாம் சரி, ஓய்! அந்த டம்ளர் சத்தம்தான் பொறுக்கவில்லை. பின்னால் ஒரு பெண்பிள்ளை சிரிக்கிறாள். முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்களே, இவர்களெல்லாம் என்ன ரசிகர்கள்?" என்று பொரிந்தார்.

அந்தப் பதினோரு நாள் விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். அவர் புருவம் உயரவில்லை. சிறிது நேரம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசித்த பிள்ளைக்கும் தெரியாது, இல்லையா?" என்றார்.

"தெரியாது."

காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். வாசற்படி வரையில் போனவர் திரும்பி நின்றார்.

"அந்தப் பாத்திரக்கடைத் தட்டு உம்மிடம் இருக்கிறதல்லவா? அதைக் கொடும். இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கிறேன்."